ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பேச முடியாது
புதிதாக ஸ்கூபா பழகுகிறவர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

கோவளத்திலோ புதுச்சேரியிலோ முதல் பயிற்சியை முடித்துவிட்டு, அடுத்த விடுமுறைக்கு அந்தமானுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் எப்படி ஊதித் தள்ளுவது, காது அடைத்தால் என்ன செய்வது, காற்று தீர்ந்தால் கூட்டாளியிடம் எப்படிக் கேட்பது எல்லாம் பயிற்சியாளர் சொல்லித் தந்திருப்பார். நீங்கள் வாய் திறக்க முடியாமல் படகின் தளத்தில் கிடக்கும்போது உங்களைப் பற்றி யார், யாரிடம், என்ன சொல்வார்கள்? இந்தப் பாடம் பல வகுப்புகளில் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடுகிறது. அதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

1. யார் படிக்கப்போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள்

உங்களுக்குப் பதிலாகப் பேச, உங்கள் விவரங்களை எழுதி உடன் வைத்திருப்பது அவசர அடையாள அட்டை. அதைப் படிக்கப்போகிறவர்கள் மூன்று பேர். மூவருக்கும் உங்களைத் தெரியாது. ஒருவர் படகில் இருக்கும் ஊழியர். உங்கள் பெயர் என்ன, வீட்டில் யாரை அழைப்பது என்பது அவருக்கு வேண்டும். இன்னொருவர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியில் இருக்கும் மருத்துவர். என்ன நோய், என்ன மருந்து, எது ஒவ்வாது, எவ்வளவு ஆழம் போனீர்கள் என்று அவர் கேட்பார். மூன்றாமவர் காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசியை எடுப்பவர். பாலிசி எண் கிடைக்கும்வரை அவரால் எந்த உறுதியும் தர முடியாது. அட்டையில் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்த மூவரில் ஒருவருக்காவது பயன்பட வேண்டும். பயன்படாத வரியை அடித்துவிடுங்கள்.

2. விவரத்தை ஜாக்கெட்டில் மாட்டாதீர்கள்

புதியவர்கள் ஆசையாக வாங்குவது பெயர் பொறித்த ஒரு உலோகத் தகடு. அதை பிசிடி ஜாக்கெட்டின் வளையத்தில் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். மீட்புப் பயிற்சி எடுத்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். நினைவு தப்பியவரைப் படகில் ஏற்றும்போது எடையைக் கழற்றுவார்கள். பிசிடியையும் டேங்கையும் கழற்றித்தான் ஆளைத் தூக்குவார்கள். நீங்கள் வேகப் படகில் கரைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். உங்கள் பெயர் மற்றவர்களின் ஜாக்கெட்டுகளோடு பழைய படகில் கிடக்கும்.

வெட்சூட்டின் பையும் அவ்வளவு நம்பகமானதல்ல. மார்பைப் பார்க்க வேண்டியிருந்தால் அதைக் கத்தரித்து எடுத்துவிடுவார்கள். விவரம் தோலை ஒட்டி, மணிக்கட்டிலோ கணுக்காலிலோ இருக்கட்டும். எழுத்துப் பொறித்த தட்டையான பட்டை நல்லது. கழுத்துச் சங்கிலி, தொங்கும் தகடு எதுவும் வேண்டாம். பவளப் பாறையிலும் அறுந்து கிடக்கும் வலையிலும் சிக்கிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. வாடகை ஜாக்கெட்டின் பையில் உங்கள் அட்டையை மறந்து வைத்துவிட்டு வந்தீர்களானால், மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு இறங்குகிறவர் உங்கள் பெயரோடும் உங்கள் மருந்துப் பட்டியலோடும் இறங்குகிறார். அவருக்கு ஏதாவது ஆனால் தொலைபேசி உங்கள் வீட்டில் அடிக்கும்.

3. தண்ணீருக்குள் போக ஆறு வரி போதும்

பெயர், பிறந்த ஆண்டு. கடுமையான ஒவ்வாமை. நாள்பட்ட நோயும் தினமும் சாப்பிடும் மருந்தும். வீட்டார் இருவரின் எண்கள். காப்பீட்டின் அவசர உதவி எண். உறுப்பினர் அல்லது பாலிசி எண். இவ்வளவுதான்.

தொலைபேசி எண்ணுக்கு முன்னால் +91 போட மறக்காதீர்கள். மாலத்தீவிலோ இலங்கையிலோ இருந்து அழைக்கிறவருக்கு வெறும் பத்து இலக்கம் உதவாது. மருந்தின் கடைப் பெயரை விட்டு மூலப்பெயரை எழுதுங்கள். கடைப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ரத்த வகையை இடமிருந்தால் சேர்க்கலாம். ஆனால் அட்டையை நம்பி எந்த மருத்துவமனையும் ரத்தம் ஏற்றாது, திரும்பச் சோதித்துத்தான் ஏற்றும். பென்சிலின் ஒவ்வாது என்ற வரி அதைவிட முக்கியம்.

மொழி? மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆங்கிலம்தான் பொது. ராமேஸ்வரத்திலோ புதுச்சேரியிலோ படகேறினால் பெயரையும் வீட்டு எண்ணையும் தமிழிலும் எழுதிவையுங்கள். தண்ணீரில் கரையும் மையால் எழுதினால் அழிந்துபோகும். பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் எழுதினால் நிற்கும், பொறித்த எழுத்து அதைவிட நிற்கும். காகிதத்தை லேமினேட் செய்தால் நான்கு பக்கமும் விளிம்பு விட்டு வெட்டுங்கள். காகிதத்தை ஒட்டி வெட்டினால் உப்புத் தண்ணீர் ஓரத்தின் வழியாக நுழைந்துவிடும்.

4. படகில் ஒரு உலர் பை

நீர் புகாத சிறு பை ஒன்று படகில் உங்கள் பெயரோடு இருக்கட்டும். புகைப்பட அடையாளச் சான்றின் நகல், காப்பீட்டுப் பாலிசியின் முதல் பக்கம், டைவிங் சான்றிதழ் அட்டையின் நகல், உங்கள் மருந்துகள், கொஞ்சம் ரொக்கம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் மூலப் பிரதியைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம், அறையிலேயே பூட்டி வையுங்கள். ஆதார் நகல் வைப்பவர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைத் தரவிறக்கி அச்செடுங்கள். வங்கி அட்டையின் ரகசிய எண்ணை எந்தத் தாளிலும் எழுதாதீர்கள்.

அடையாளச் சான்று எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டு மருத்துவமனைகளில் நீரில் மூழ்கியவர், விபத்தில் வந்தவர் என்றால் சட்டம் சார்ந்த வழக்காகப் பதிவு செய்து காவல் நிலையத்துக்குத் தகவல் தருவார்கள். பெயர் தெரியாதவராக அந்தப் பதிவேட்டில் ஏறினால் உங்கள் வீட்டாருக்கு அலைச்சல் கூடும். டைவிங்கால் வரும் நோய்க்கு உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அழுத்த அறை கடற்படை வளாகத்துக்குள் இருந்தால் வாயிலிலேயே அடையாளம் கேட்பார்கள். உடன் வருகிறவரிடமும் கேட்பார்கள்.

5. அவசரத் தொடர்புக்குப் படகில் இல்லாத ஒருவரை எழுதுங்கள்

கணவனும் மனைவியும் சேர்ந்து டைவிங் போவார்கள். படிவத்தில் அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அவர் இவர் பெயரை எழுதுவார், இவர் அவர் பெயரை எழுதுவார். படகுக்கே ஏதாவது ஆனால் இரண்டு எண்களும் ஒரே கடலில். நண்பர்கள் கூட்டமாகப் போகும்போதும் இதே கதைதான். கரையில் இருப்பவர், தொலைபேசியை எடுப்பவர், பதறாமல் முடிவெடுக்கக்கூடியவர் என்று இருவரைத் தேர்ந்தெடுங்கள். அம்மா அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்றால் அண்ணனையோ சித்தியையோ போடுங்கள். போட்டுவிட்டு அவர்களிடம் சொல்லுங்கள். எந்தத் தீவு, எந்த டைவ் நிலையம், எந்தத் தேதி, பாலிசி எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலிசியின் நகலையும் முன்கூட்டியே அனுப்பிவையுங்கள்.

6. மருத்துவப் படிவத்தில் பொய் சொல்லாதீர்கள்

ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, காதில் செய்த அறுவை, நுரையீரல் நோய் என்று ஒரு பட்டியல் தருவார்கள். 'ஆம்' போட்டால் மருத்துவரின் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார்கள். பயணம் கெட்டுவிடுமே என்று பலர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுகிறார்கள். இதில் இரண்டு நஷ்டம். இன்சுலின் போடுகிறவர் மயங்கிக் கிடக்கும்போது அது சர்க்கரைத் தாழ்வா, ரத்தத்தில் குமிழா என்று மருத்துவர் தடுமாறுவார். பிறகு காப்பீட்டு நிறுவனம் உங்கள் பழைய மருத்துவக் குறிப்பையும் அந்தப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். கையெழுத்து உங்களுடையது.

ஊரிலேயே, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, அந்தப் படிவத்தை மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகலும் உலர் பையில் இருக்கட்டும்.

7. 'இன்ஷூரன்ஸ் இருக்கு' என்பது பதில் ஆகாது

இந்த ஒன்றை நிதானமாகப் படியுங்கள். இந்தியாவில் சாதாரண மருத்துவக் காப்பீட்டில் எதையெல்லாம் விலக்கலாம் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் ஒரே வாசகமாக வகுத்தது. அதில் ஒன்பதாவது விலக்கு அபாயமான, சாகச விளையாட்டுகளைப் பற்றியது. ஸ்கூபா டைவிங்கும் அதில் பெயர் சொல்லி வருகிறது. ஆனால் அந்த வாசகம் விலக்குவது அதைத் தொழிலாகச் செய்கிறவரை. பொழுதுபோக்காக இறங்குகிறவருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று வாதிட இடமிருக்கிறது. நாளைக்கு நீங்களே டைவ் மாஸ்டர் ஆகிச் சம்பளம் வாங்கினால் நிலைமை மாறிவிடும்.

பயணக் காப்பீடு வேறு கதை. சிலவற்றில் சாகச விளையாட்டு அறவே கிடையாது. சிலவற்றில் கூடுதல் பிரீமியம் கட்டினால் உண்டு. சிலவற்றில் ஆழ வரம்பு போட்டிருப்பார்கள். சிலவற்றில் வெளிநாட்டுப் பயணம் மட்டும் செல்லும். அந்தமான் வெளிநாடு ஆகாது. ஆகவே பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எத்தனை மீட்டர் வரை? சான்றிதழ் இல்லாமல், பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு செய்யும் ஒருநாள் டைவ் இதில் வருமா? அழுத்த அறைச் சிகிச்சைக்குப் பணம் உண்டா? தீவிலிருந்து படகிலோ ஹெலிகாப்டரிலோ கொண்டுபோகும் செலவு யாருடையது? மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவீர்களா, நான் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா? எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்? பல பாலிசிகளில் அவசர அனுமதியை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லியிருப்பார்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்லும் 'எல்லாம் கவர் ஆகும் சார்' உதவாது. எழுத்தில் வந்த பதிலை அச்செடுத்து வையுங்கள்.

உங்கள் சான்றிதழின் எல்லையும் இதோடு சேர்ந்தது. ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர், அட்வான்ஸ்டு சான்றிதழுக்கு 30 மீட்டர். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு விதியே 30 மீட்டரோடு நிற்கிறது. 18 மீட்டர் அட்டையோடு 28 மீட்டரில் அடிபட்டவர், தன் கோரிக்கையை நிராகரிக்கும் காரணத்தைத் தானே நிறுவனத்தின் கையில் கொடுக்கிறார்.

8. யாரை அழைப்பது, எங்கே போவது

டைவிங்குக்கென்றே ஒரு அவசர உதவி அமைப்பு இருக்கிறது: டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், சுருக்கமாக டேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பீட்டர் பென்னட் 1980-ல் தொடங்கியது. அதன் அவசர எண் +1-919-684-9111. டைவிங் மருத்துவம் தெரிந்தவர்கள் பேசுவார்கள், உள்ளூர் மருத்துவரோடும் கலந்து பேசுவார்கள். ஒரு விஷயம் பலருக்குக் குழப்பம்: டேன் உறுப்பினர் ஆவதும் டேன் காப்பீடு எடுப்பதும் வெவ்வேறு. உங்களிடம் எது இருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை அட்டையில் எழுதுங்கள்.

உள்ளூரில் பொது அவசரத்துக்கு 112. கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. இலங்கையில் ஆம்புலன்சுக்கு 1990.

அந்தமானில் டைவிங் அதிகம் நடப்பது ஸ்வராஜ் தீவில். ஹேவ்லாக் என்றால்தான் பலருக்குத் தெரியும். அழுத்த அறை இருப்பது போர்ட் பிளேரில், இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்தில், கடற்படையின் ஐஎன்எச்எஸ் தன்வந்தரி மருத்துவமனையில். நடுவில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடல். கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். மாலைக் கப்பல் போய்விட்டால் என்ன வழி என்று டைவ் நிலையத்தில் முதல் நாளே கேளுங்கள். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, எவ்வளவு நேரம் வரும் என்றும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் நிலையத்தை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

அழுத்த அறையைத் தேடி நீங்களாகவே ஓடவும் கூடாது. முதலில் ஆக்சிஜன், பிறகு பக்கத்து மருத்துவமனை. அங்கிருந்து மருத்துவர்கள் பேசி முடிவு செய்வார்கள். அறை பழுதில் இருக்கலாம், ஆள் இல்லாமல் இருக்கலாம். சிகிச்சையும் ஒரு ஊசியோடு முடிவதல்ல. வழக்கமான முறையில் 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் வைத்து ஆக்சிஜன் கொடுத்து மெல்ல இறக்குவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். தேவைப்பட்டால் மறுநாளும் தொடரும். காப்பீட்டுக் கேள்விகளை முன்னாலேயே கேட்கச் சொன்னது இதனால்தான்.

9. டைவ் விவரமும் அடையாளம்தான்

உடலில் குமிழ் உண்டாகும் டிகம்ப்ரெஷன் நோய் என்று சந்தேகம் வந்தால் மருத்துவர் கேட்பது உங்கள் பெயரோடு நிற்காது. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், வேகமாக மேலே வந்தீர்களா, காற்றா நைட்ராக்ஸா, அன்றைக்கு எத்தனையாவது டைவ், எத்தனை மணிக்கு மேலே வந்தீர்கள், எப்போது வலி தொடங்கியது, எப்போது ஆக்சிஜன் கொடுத்தார்கள் என்று கேட்பார். டைவ் கம்ப்யூட்டரில் பாதிக்கு மேல் பதில் இருக்கும். அதை நோயாளியோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். யாரும் அதன் பதிவை அழிக்கக் கூடாது. அவரிடம் கம்ப்யூட்டர் இல்லையென்றால் கூட்டாளியுடையதை அனுப்புங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தையும் ஆக்சிஜன் கொடுத்த நேரத்தையும் ஒருவர் சிலேட்டில் குறித்துக்கொண்டே வரட்டும். கூட்டாளிக்கும் கொஞ்ச நேரத்தில் அதே அறிகுறி வரலாம், அவரும் அதே ஆழத்தில் இருந்தவர்தானே.

10. தொலைபேசியை மட்டும் நம்பாதீர்கள்

ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் பூட்டைத் திறக்காமலே அவசர மருத்துவ விவரத்தைப் படிக்கும் வசதி உண்டு. அமைப்புகளில் போய் இன்றைக்கே நிரப்புங்கள். பெரும்பாலோர் நிரப்புவதே இல்லை. ஆனாலும் அது இரண்டாம் காவல்தான். படகில் தொலைபேசி நனையும், சார்ஜ் தீரும், சிக்னல் போகும். காப்பீட்டு அட்டை செயலிக்குள் மட்டும் இருந்தால் சிக்னல் இல்லாத தீவில் அது இல்லாததற்குச் சமம். படமாக எடுத்து வையுங்கள், காகிதத்திலும் வையுங்கள்.

11. கரை ஏறிய பிறகும் அட்டை கையில் இருக்கட்டும்

டிகம்ப்ரெஷன் நோய் படகிலேயே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தெரியும். சிலருக்கு ஒரு நாள் கழித்தும் தெரியும். அப்போது நீங்கள் விமான நிலையத்தில் இருக்கலாம், சென்னையில் வீட்டிலேயே இருக்கலாம். மூட்டு வலியைத் தசைப்பிடிப்பு என்பார்கள். தோல் அரிப்பை மீன் ஒவ்வாமை என்பார்கள். தலைச்சுற்றலைக் கப்பல் ஆட்டம் என்பார்கள். கை மரத்துப்போனால் தூக்கத்தில் அமுங்கியிருக்கும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். மருத்துவரிடம் போனால் முதல் வாக்கியமே, 'நேற்று இத்தனை மணிக்குக் கடலுக்கடியில் டைவ் செய்தேன்' என்பதாக இருக்க வேண்டும். கேட்காமலே சொல்லுங்கள், நகரத்து மருத்துவருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.

கடைசி டைவுக்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிக்கு விதி இது. ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். டிகம்ப்ரெஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். கடைசி நாளை டைவ் இல்லாத நாளாக வைத்துக்கொண்டால் கணக்கே வேண்டாம்.

12. அந்நியர் ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள்

பாலிசி ஆண்டுக்கொரு முறை மாறும். தொலைபேசி எண் மாறும், மருந்து மாறும். அட்டையின் மூலையில் எழுதிய மாதத்தையும் ஆண்டையும் குறியுங்கள். பாலிசியைப் புதுப்பிக்கும் அன்றே அட்டையையும் புதுப்பியுங்கள். தண்ணீரில் குதிக்குமுன் கூட்டாளியோடு ரெகுலேட்டரையும் எடையையும் சரிபார்க்கிறீர்கள் அல்லவா, அதோடு 'என் விவரம் இடது மணிக்கட்டில், பை படகின் பின்பக்கம்' என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடையது எங்கே என்றும் கேளுங்கள்.

எழுதி முடித்ததும் உங்களை அதிகம் தெரியாத ஒருவரிடம், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ அட்டையைக் கொடுங்கள். ஐந்து கேள்வி கேளுங்கள்: இவர் யார், யாரை அழைப்பீர்கள், எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது, எந்த நிறுவனத்துக்கு எந்த எண்ணைச் சொல்வீர்கள், இந்த அட்டை எப்போது எழுதியது. இரண்டு நிமிடத்துக்குள் ஐந்துக்கும் பதில் சொல்லிவிட்டால் அட்டை சரி. ஒன்றில் தடுமாறினாலும், டிக்கெட் கையில் இருக்கும்போதே திருத்தி எழுதிவிடுங்கள்.